முள்ளு நடுவில் நிற்கும்போதே கொதித்த கார்

வெப்ப முள்ளு நடுவில் அசையாமல் நிற்கிறது. ஆனால் காரை நிறுத்தினால் பொனற்றுக்குள், எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டின் போத்தல் குமிழி விட்டுக் கொதிக்கிறது, சூடான கூலன்ட்டின் இனிப்பு மணம் மூக்கில் அடிக்கிறது. எங்கள் வீட்டு ரொயோட்டா கொறோலா 121 க்கு வந்த வருத்தம் இதுதான். கிளிநொச்சியில் இருந்து பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் என்று ஏ9 வீதியில் வரும்வரை ஒரு குறையும் இருக்காது. யாழ்ப்பாணம் டவுனுக்குள் ஆஸ்பத்திரி வீதியில் ஊரத் தொடங்கினாலோ, கொக்குவில் பக்கம் ரயில் கேற்றில் நின்றாலோ கொதி தொடங்கிவிடும். இந்த வருத்தத்தைக் கண்டுபிடித்த விதம் மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து இங்கே எல்லோரும் பழைய கார்களைத்தான் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம். இறக்குமதியைத் திரும்பத் திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால், இருக்கிற காரைப் பார்ப்பதுதான் புத்தி என்று படுகிறது.

ஓடும்போது நல்லாக இருந்து நிற்கும்போது மட்டும் சூடேறினால் பாதி நோய் பிடிபட்ட மாதிரி. ஓடும் காருக்கு முன்னால் இருந்து வரும் காற்றே ரேடியேற்றரைக் குளிரவைக்கப் போதும். நின்றால்தான் விசிறி வேண்டும். நெடுந்தூரம் வேகமாக ஓடும்போது சூடேறினால் தண்ணீர் குறைவு, அடைபட்ட ரேடியேற்றர், வோட்டர் பம்ப், தேர்மோஸ்ரற் (எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும் வால்வு) என்ற பக்கம் தேட வேண்டும். நிற்கும்போது மட்டும் என்றால் விசிறி, அதன் பியூஸ், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, அதற்குச் செய்தி கொடுக்கும் சென்சர் என்ற பக்கம் போக வேண்டும்.

முதலில் காட்டிய கராஜில் பொனற்றைத் திறந்து பார்த்தவுடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். “தம்பி, உந்தச் சென்சர் எல்லாம் எங்கட வெயிலுக்குச் சரிவராது. ஃபானை டிறெக்ட் பண்ணி உள்ளுக்க ஒரு சுவிச் வைச்சுவிடுறன். தேர்மோஸ்ரற்றையும் கழட்டி எறிவம். பிறகு ஒருநாளும் சூடாகாது.”

டிறெக்ட் பண்ணுவது என்றால் சென்சரை விட்டுவிட்டு விசிறிக்கு நேரே மின்சாரம் கொடுப்பது. யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருக்கும் எவரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். அதைச் சொன்னவரை நான் குறையாக நினைக்கவில்லை. அந்தப் பழக்கம் வந்த வழி அப்படி. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் ஓடிய ஊர் இது. அவற்றின் விசிறி பெல்ட்டில் சுற்றும், எஞ்சின் ஓடினால் விசிறியும் ஓடும், சென்சருக்கு அங்கே வேலையே இல்லை. பிறகு 1990களில் பொருளாதாரத் தடை. பெற்றோலைக் கண்ணில் காண முடியாது. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒரு சாமான் பழுதானால் புதுச் சாமான் வராது, இருக்கிறதை வைத்து எப்படியாவது ஓடவைக்க வேண்டும். அந்தக் காலத்து மெக்கானிக்மார் செய்த வேலைகளை நினைத்தால் இன்றைக்கும் கையெடுக்கத்தான் தோன்றும். டிறெக்ட் பண்ணுவதும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றுவதும் அந்தக் கெட்டித்தனத்தின் மிச்சம்தான்.

ஆனால் 2000க்குப் பிந்திய கார் வேறு சாதி. வெப்பச் சென்சர் செய்தி சொல்வது விசிறிக்கு அல்ல, எஞ்சினின் கணினிக்கு. கராஜில் ஈசியு என்பார்கள். அந்தக் கணினி அதே எண்ணை வைத்துத்தான் எவ்வளவு பெற்றோல் தெளிப்பது, எந்த நேரத்தில் பொறி கொடுப்பது, ஐட்லிங் எவ்வளவு என்று தீர்மானிக்கிறது. எங்கள் காரில் முள்ளுக்குப் போகிற செய்தியும் அதே இடத்தில் இருந்துதான் வருகிறது. விசிறியை டிறெக்ட் பண்ணினால் கொதி நிற்கும், உண்மைதான். ஆனால் கணினிக்குப் போய்க்கொண்டிருக்கிற பிழையான எண் அப்படியே இருக்கும், பிழை கூடக் கூட எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெற்றோலை அள்ளி ஊற்றும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி காருக்கு வாரம் 20 லீற்றர் என்று எண்ணி அடித்த எங்களுக்கு அது சின்ன விஷயமா? சுவிச் வைத்தாலும் போடுவதற்கு ஞாபகம் வேண்டும். வீட்டில் நாலு பேர் ஓட்டும் கார் என்றால் ஒருவராவது மறப்பார்.

தேர்மோஸ்ரற் கதையும் அதுதான். எங்கள் எஞ்சினில் அது 80 முதல் 84 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், நெடுந்தூர ஓட்டத்தில் வராமலும் விடும். வெயில் நாட்டுக்கு அது தேவையில்லை என்பது சரியில்லை. எஞ்சின் கேட்பது 80 சொச்சம் பாகை, எங்கள் வெயில் கொடுப்பது 30 சொச்சம்.

அதனால் காரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாகன வயரிங் வேலை செய்யும் அண்ணை ஒருவரிடம் போனேன். அவர் பொனற்றைத் திறக்கமுன் சொன்னது: “ஏசியைப் போடும் தம்பி, ஃபான் சுத்துதோ எண்டு பாப்பம்.”

ஏசி போட்டவுடன் விசிறி சுற்றியது. இந்த ஒரு சோதனைக்குக் காசும் இல்லை, கருவியும் இல்லை. ஏசி போட்டால் சுற்றுகிறது, போடாவிட்டால் எவ்வளவு கொதித்தாலும் சுற்றவில்லை என்றால் மோட்டாரில் பழுதில்லை. பெரும்பாலும் பியூஸும் நல்லது. ஏசி போட்டு ஓட்டுபவர்களுக்கு இந்த வருத்தம் மாதக்கணக்கில் தெரியாமலே இருப்பதற்கும் காரணம் இதுதான். ஏசியிலும் சுற்றாவிட்டால் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், பிறகு மோட்டாருக்கு பற்றறியில் இருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது, எஞ்சினில் இருக்கிற வெப்பச் சென்சரின் சொக்கற்றைக் கழற்றிவிட்டு சாவியைப் போட்டோம். விசிறி உடனே சுற்றத் தொடங்கியது. செய்தியே வராவிட்டால் கணினி ஆபத்தான பக்கத்தை நினைத்து விசிறியைப் போட்டுவிடும். அப்படியென்றால் கணினி, ரிலே, மோட்டார் மூன்றும் நல்லது. மிச்சம் இருப்பது சென்சரும் அதற்குப் போகிற இரண்டு வயரும்தான்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று. கொறோலா 110 போன்றவற்றில் விசிறிக்கென்றே ரேடியேற்றர் பக்கம் தனியாக ஒரு வெப்பச் சுவிச் இருக்கும். அது குளிரில் இணைந்திருக்கும், 93 பாகை அளவில் பிரியும், பிரிந்தால்தான் விசிறி சுற்றும். அதன் சொக்கற்றைக் கழற்றினால் விசிறி சுற்ற வேண்டும். வேறு சில கம்பனிகளின் கார்களில் இதற்கு நேர்மாறு, சொக்கற்றின் இரண்டு உலோகக் காலையும் ஒரு வயரால் இணைத்தால்தான் சுற்றும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல் சோதித்தால் நல்ல சுவிச்சைப் பழுது என்று தூக்கிப்போட நேரும்.

எங்கள் கதைக்கு வருவோம். செக் எஞ்சின் லைற் எரியவில்லை. கணினியை ஸ்கான் பண்ணியபோதும் பழுதைச் சொல்லும் கோட் ஒன்றும் இல்லை. “கோட் இல்லாட்டி சென்சர் நல்லது” என்று பலர் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கணினி கோட் போடுவது நடக்க முடியாத எண் வந்தால்தான். வயர் அறுந்தால் பி0118 வரும், ஒன்றோடொன்று முட்டினால் பி0117 வரும். 105 பாகையில் இருக்கும் எஞ்சினை 87 என்று சொன்னால் அது நம்பக்கூடிய எண், கணினி நம்பிவிடும்.

நடந்ததும் அதுதான். காரின் கணினியில் இருக்கும் எண்களைப் போனுக்கு அனுப்பும் மலிவான ஓபிடி ரீடர் ஒன்றைக் குத்தி, போனில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டு காரை நிற்பாட்டியபடி ஓடவிட்டோம். பக்கத்தில் அண்ணை லேசர் வெப்பமானியை, எஞ்சினில் இருந்து ரேடியேற்றருக்குப் போகும் மேல் ஹோஸ் தொடங்கும் இடத்துக்குப் பிடித்தார். மினுங்குகிற அலுமினியத்துக்கு அந்தக் கருவியைப் பிடித்தால் குறைத்துக் காட்டும் என்று அந்த இடத்தில் ஒரு துண்டுக் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தார். கொவிட் காலத்தில் நெற்றிக்குப் பிடித்த கருவி இதற்கு உதவாது, அது மனித உடம்புச் சூட்டோடு நின்றுவிடும். வெப்பமானி 105 ஐத் தொட்டது. போனில் 87. முள்ளு நடுவில். உடனே எஞ்சினை நிற்பாட்டினோம்.

ஜப்பானில் ஓடி வந்த அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றோடு இந்த மலிவு ரீடர் பேசாது. அப்படியான ரொயோட்டாவில் ஓபிடி சொக்கற்றின் 4 ஆம், 13 ஆம் கால்களை ஒரு வயரால் இணைத்து சாவியைப் போட்டால் செக் எஞ்சின் லைற் மின்னி மின்னி எண் சொல்லும். இரண்டு மின்னல், கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு மின்னல் என்றால் 22, அது வெப்பச் சென்சர். கால் எண்ணை நிச்சயமாகத் தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை. பிழையான காலை இணைத்தால் பெரிய செலவில் முடியும்.

சரி, சென்சர்தானே என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். அண்ணை விடவில்லை. “சாமானை மாத்திறது லேசு தம்பி. பழுது அதிலதான் இருக்கோ எண்டு முதல் அறிய வேணும்.” எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு 19 ஸ்பானரால் சென்சரைக் கழற்றினார். அதன் பித்தளை நுனியில் வெள்ளையாகக் கல் படிந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, கேத்திலில் கொதித்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி நுனியை அதற்குள் விட்டு, மின்தடை அளக்கும் மீற்றரைப் பிடித்தார்.

இந்தச் சென்சருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு துண்டு. ரொயோட்டாவின் கணக்குப்படி 20 பாகையில் 2.32 முதல் 2.59 கிலோ ஓம், 80 பாகையில் 310 முதல் 326 ஓம். கொதித்து ஊற்றிய தண்ணீரில் 200 சொச்சம் ஓம் காட்ட வேண்டும். எங்கள் சென்சர் அச்சொட்டாக அப்படியே காட்டியது. பழுது சென்சரில் இல்லை.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சென்சரின் சொக்கற் கழன்றபடி இருக்க, ஸ்கான் கருவி மைனஸ் 40 பாகை காட்ட வேண்டும். காட்டியது. பிறகு சொக்கற்றின் இரண்டு காலையும் ஒரு சின்ன வயரால் இணைத்தால் 140 பாகை காட்ட வேண்டும். அது 127 இல் நின்றுவிட்டது. வயரை மெல்ல அசைத்தால் எண் தானும் அசைந்தது. அண்ணை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “வயருக்குள்ள எங்கையோ தடை ஒண்டு குந்திக்கொண்டிருக்கு.”

பற்றறியைக் கழற்றி, குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கணினியின் சொக்கற்றையும் கழற்றி, அந்த முனையில் இருந்து இந்த முனைக்கு அளந்தார். நல்ல வயர் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஒரு வயர் அப்படிக் காட்டியது. மற்றது ஏறக்குறைய 100 ஓம்.

இந்த 100 ஓம் செய்கிற வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படிப்பட்ட பழுது ஏன் பிடிபடுவதில்லை என்று விளங்கும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, 30 பாகையில், சென்சரின் தடை 1,650 ஓம் அளவில் இருக்கும். அதோடு 100 ஐக் கூட்டினால் கணினிக்கு ஒன்றரைப் பாகை வித்தியாசம்தான் தெரியும். யார் பார்த்தாலும் சரியாக இருக்கிறது என்பார்கள். ஆனால் 95 பாகையில் சென்சரின் தடையே 215 ஓம் அளவுதான். அதோடு 100 சேர்ந்தால் கணினி பார்ப்பது 80 பாகை. கணினி 95 பாகை என்று கண்டு விசிறியைப் போடுவதற்கு எஞ்சின் உண்மையில் 120 பாகைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு முன்பே கூலன்ட் போத்தலுக்குள் கொதித்துத் தள்ளிவிடும். குளிரில் அளந்து “நல்லது” என்று சொல்லப்படும் எந்த வெப்பச் சென்சர் வயரையும் சூட்டில் ஒருமுறை அளக்காமல் நம்பக்கூடாது.

பழுது இருந்த இடம் சொக்கற்றுக்குள், வயரைப் பித்தளைக் காலோடு நெரித்துப் பிடித்திருக்கும் இடத்தில். ரப்பர் மூடியைப் பின்னுக்கு இழுத்தால் பச்சைக் களிம்பு பொரிந்துபோய் இருந்தது. வயரின் தோலைக் கொஞ்சம் சீவினால் செம்பு செம்பாக இல்லை, கறுப்பு. இன்னும் சீவினார், இன்னும் கறுப்பு. அரைச் சாண் போன பிறகுதான் செம்பு மினுங்கியது. எந்தப் பக்கம் போனாலும் கடல் கிட்ட இருக்கிற குடாநாடு இது. உப்புக்காற்று ஒரு சின்ன வெடிப்புக்குள் நுழைந்தால் வயருக்குள் ஊர்ந்துகொண்டே போகும். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் அடிக்கடி போய்வரும் வாகனங்களில் இதை நிறையக் கண்டிருக்கிறேன் என்றார் அண்ணை.

பழைய சாமான் கடையில் அதே வகைச் சொக்கற் ஒன்றை வயரோடு வெட்டி வாங்கி, நல்ல செம்பு தெரிகிற இடத்தில் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினோம். கறுப்பு ரேப்பை மட்டும் சுற்றிவிடுவது இந்த இடத்துக்குக் காணாது. எஞ்சின் சூட்டில் பசை இளகும், ரேப் கழன்றால் உப்புக்காற்று திரும்ப உள்ளே போகும். சொக்கற்றைக் குத்தமுன் கால்களுக்குச் சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம். சென்சருக்குப் புது வாஷர். இப்போது இணைத்துப் பார்த்தால் 140. எஞ்சினை ஓடவிட்டால் போனும் வெப்பமானியும் இரண்டு பாகைக்குள் ஒத்துப்போயின. 95 அளவில் விசிறி தானாகச் சுற்றி, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது.

சென்சரைக் கழற்றியபோது கூலன்ட் கொஞ்சம் வெளியே போயிருந்தது. திரும்ப நிரப்பும்போது உள்ளே காற்று நின்றால் அதுவே பிறகு சூடேறக் காரணமாகிவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரைக் கூட்டிவைத்து, மேல் ஹோஸைத் துணியோடு பிடித்துக் கசக்கிக் கசக்கிக் காற்றை வெளியேற்றினோம். தேர்மோஸ்ரற் திறந்து மட்டம் இறங்கியதும் மிச்சத்தை நிரப்பி மூடினோம்.

அந்த நுனியில் படிந்திருந்த வெள்ளைக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கின்றன. கேத்திலின் அடியைப் பார்த்தால் போதும். அதே தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றினால் அதே கல் எஞ்சினுக்குள்ளும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும், சென்சரைப் போர்த்தி அது சூட்டை உணர்வதைத் தாமதப்படுத்தும். கரையோரத்துச் சவர்த்தண்ணீர் இன்னும் மோசம், உலோகத்தை அரிக்கும். கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குக் கூட்டுவதென்றால் பற்றறிக்கு ஊற்றவென்று கடையில் போத்தலில் விற்கும் வடித்த தண்ணீர் நல்லது. வழியில் வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் கழுவி மாற்றிவிடுங்கள்.

வழியில் கொதித்தால் முதலில் ஓரம் கட்டுங்கள். நிற்பாட்ட இடமில்லாத நெரிசல் என்றால், விசிறி மட்டும்தான் பிரச்சினை என்று தெரிந்திருந்தால், ஏசியைப் போடுவது விசிறியைச் சுற்றவைக்கும். அதுவும் சுற்றாவிட்டால் ஏசியை நிற்பாட்டி, கண்ணாடியை இறக்கி, ஹீற்றரை முழுதாகக் கூட்டினால் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன ரேடியேற்றர் கொஞ்சச் சூட்டை இழுக்கும். வைகாசி வெயிலில் அது கொடுமைதான், ஆனாலும் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்தால் வருகிற செலவுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியில் கை வைக்கவே வேண்டாம். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த கணத்தில் எல்லாம் சேர்ந்து முகத்துக்கு வரும்.

விற்ஸ், வாகன்ஆர் போன்ற சின்னக் கார் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. அவற்றில் பலவற்றுக்கு முள்ளே இல்லை. குளிரில் ஒரு நீல லைற், கொதித்தால் ஒரு சிவப்பு லைற், இடையில் ஒன்றும் தெரியாது. ஒரு ஓபிடி ரீடரை வாங்கிக் காருக்குள் வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை ஏசியை நிற்பாட்டி வீட்டு வாசலில் ஓடவிட்டு, எத்தனை பாகையில் விசிறி சுற்றுகிறது என்று பாருங்கள். பல கார்களில் 93 முதல் 98 வரைக்குள் சுற்றினால் நிம்மதி. அதே நேரத்தில் பொனற்றுக்கு மேலே கை வைத்துப் பார்த்துப் பழகினால், போன் சொல்லும் எண்ணும் கை சொல்லும் சூடும் ஒத்துப்போகிறதா என்பது நாளடைவில் பிடிபடும்.

உண்மையிலேயே சென்சர் பழுதாகி வாங்க வேண்டி வந்தால், யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளுக்குப் போகும்போது ஒரு மீற்றரைக் கையோடு கொண்டுபோங்கள். பல ரொயோட்டாக்களுக்குப் போகும் இலக்கம் 89422-33030. பழைய சென்சரில் இருக்கும் இலக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரிஜினல் பெட்டிக்குள் வேறு சாமானும் வருகிறது. கடைக்குள் வெயில் நேரத்தில் 30 பாகை அளவு இருக்கும். மேசையில் வைத்தே இரண்டு காலுக்கும் மீற்றரைப் பிடித்தால் 1.6, 1.7 கிலோ ஓம் காட்ட வேண்டும். கையால் பொத்திப் பிடித்தால் எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும். காட்டாவிட்டால் காசைக் கொடுக்கமுன் அடுத்த பெட்டியைக் கேளுங்கள். கடைக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. நான் போன கடையில் அவரே மீற்றரை வாங்கி இன்னும் இரண்டு சென்சரை அளந்து பார்த்து, அதில் ஒன்றைத் தனியாக எடுத்துவைத்தார்.